நம்பிக்கையை ஆராய்தல்: உளநூலாசிரியர் காட்டும் வழி

[வாலிபர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு]



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், உளநூலைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மனிதருடைய அன்றாட நடத்தையையும், ஐயத்துக்கு இடமான நம்பிக்கைகளையும் எவ்வாறு நோக்குகிறார்கள் என்பதாகும். உளநூல் என்று நாம் சொல்வதை இக்காலப் பாடநூல்கள் உளவியல் என வழங்குகின்றன. பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே.

உளநூல் என்றவுடன், சித்தம் கலங்கியோரைப் பற்றிய நூல் என்றே பலர் எண்ணுவர். அது அந்நூலின் ஒரு பகுதி மாத்திரமே. நல்ல உளநூலாசிரியருக்குச் சந்தையும் வீதியும் பேருந்தும் பாடசாலைகளே. பல்லி சொன்னவுடன் நாம் ஏன் விரலால் நிலத்திற் தட்டுகிறோம்? புறப்படும்போது தும்மல் கேட்டால் ஏன் சற்று இருந்துவிட்டுப் போகிறோம்? வீதியில் ஒருவர் அண்ணாந்து பார்த்தால் நாமும் ஏன் அண்ணாந்து பார்க்கிறோம்? மற்றவர் சிறு விடயமென்று தள்ளும் இவற்றையே அவர் கையில் எடுத்து, "இது ஏன்?" என்று வினவுகிறார்.

இவ்வினா எமக்கு வேண்டியதா என்று கேட்கலாம். வேண்டியதே. எமது இல்லங்கள் பலவற்றில் ஓர் அமைதியான பிணக்கு நடந்துகொண்டிருக்கிறது. விஞ்ஞானம் கற்ற பிள்ளை பாட்டியாரின் நம்பிக்கையைக் கேட்டுச் சிரிக்கிறது. பாட்டியார், "நாலெழுத்துப் படித்தவுடன் வந்த திமிர்" என்று மனம் நோகிறார். ஒருவர் சொல்வதை மற்றவர் ஆராய்வதில்லை. சிரிப்பு ஆராய்ச்சியாகாது, கோபமும் விடையாகாது. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பதையே உளநூலாசிரியர் சிலரின் வரலாறு எமக்குக் காட்டுகிறது.

தொடங்குமுன் ஒரு வரம்பை வகுத்துக்கொள்வோம். இறைவனிடத்து வைத்த அன்பும் பணிவும் இங்கே நாம் ஆராயப் புகுந்த பொருள் அல்ல. "இது நடந்தால் இது நடக்கும்", "இதைச் செய்தால் இன்ன நோய் தீரும்" என்று உலக நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லும் கூற்றுக்களே சோதனைக்கு உரியவை. இவ்வேறுபாட்டை மறந்தால் வாலிபரும் பெரியோரும் வீணே வழக்காட நேரும்.

பலர் பார்க்கும் திசை

முதலில் அன்றாட நடத்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க உளநூலாசிரியராகிய ஸ்ரான்லி மில்கிறம் என்பவர் தம் துணைவர்களுடன் நியூயோர்க் நகரத்து வீதி ஒன்றில் ஒரு சோதனை செய்து, அதன் முடிவை 1969 இல் வெளியிட்டார். ஓர் ஆளை நடைபாதையில் நிறுத்தி, எதிர்ப்புறக் கட்டடத்தின் ஆறாம் மாடிச் சன்னலை ஒரு நிமிடநேரம் அண்ணாந்து பார்க்கச் செய்தார். வழியே சென்றவர்களுள் 100 க்கு 42 பேர் தாமும் தலைநிமிர்த்திப் பார்த்தனர். 4 பேர் நின்றே பார்த்தனர். அண்ணாந்து பார்ப்போர் 15 பேராக்கப்பட்டபோது 100 க்கு 86 பேர் மேலே பார்த்தனர். 40 பேர் நின்றுவிட்டனர்.

இதைக் கேட்டுப் "பட்டணத்து மூடர்" என்று நாம் சிரிக்கலாம். ஆசிரியர் சிரிக்கவில்லை. பலர் ஒரு திசையைப் பார்த்தால் அங்கே ஏதோ இருக்குமென்று எண்ணுவது பெரும்பாலும் நன்மை தரும் வழக்கமே. தீப்பிடித்த வீட்டையும் அறுந்து விழும் மின்கம்பியையும் நாம் அவ்வாறே அறிகிறோம். உலகில் உள்ள அனைத்தையும் ஒவ்வொருவரும் தாமே சோதித்து அறிதல் இயலாது. ஆனால், மெய்யான செய்தியைச் சுமந்துவரும் அதே தெருவாலேதான் பொய்யான செய்தியும் வருகிறது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது, சன்னலில் என்ன இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது.

இதே ஆசிரியர் 1970 களின் தொடக்கத்தில் தம் மாணாக்கருக்கு இன்னொரு வேலை கொடுத்தார். நிலத்தடிப் புகைவண்டியில் ஏறி, அமர்ந்திருக்கும் பிரயாணியிடம் காரணம் எதுவும் கூறாமல், "உங்கள் இருக்கையை எனக்குத் தருவீர்களா?" என்று கேட்க வேண்டும். மாணாக்கர் பின்வாங்கினர். ஒருவர் துணிந்து போய்ப் பலர் எழுந்து இடங்கொடுத்ததைக் கண்டு வந்தார். பின்னர் ஆசிரியரும் தாமே சென்றார். சென்றவருக்கோ வாய் திறக்கவில்லை. சொல் தொண்டையில் அடைத்துக்கொண்டது. எப்படியோ கேட்டு இருக்கையைப் பெற்றபின், அதற்கு நியாயம் தேடுபவர் போன்று நோயாளிபோல் நடந்துகொள்ளவேண்டும் என்ற உந்துதல் தம்முள் எழுந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். மாணாக்கர் கேட்டவர்களுள் 100 க்கு 68 பேர் எழுந்தோ ஒதுங்கியோ இடங்கொடுத்தனர் என்பது பின்னர்க் கண்ட கணக்கு.

ஆகவே, தடையாக நின்றவர் இருக்கைக்கு உரியவர் அல்லர். கேட்பவரின் உள்ளத்திருந்த அச்சமே. எழுதாத சட்டங்களின் வலிமை அத்தகையது. இராகு காலத்தில் நம்பிக்கை இல்லை என்று மேடையிற் பேசுபவரும், அந்த நேரத்தில் வீட்டை விட்டுப் புறப்படத் தயங்குவார். ஏனென்று கேட்டால், "எதற்கு வீண் வில்லங்கம்?" என்பார். அவரைப் பொய்யர் என்பது பொருந்தாது. அறிவு ஒன்றை ஒப்புக்கொண்ட பின்னும் உடம்பும் உள்ளமும் பழைய வழியே போகின்றன. மில்கிறம் தம் தொண்டை அடைத்தபோது கண்டதும் இதுவே.

கணக்குத் தெரிந்த குதிரை

இனி ஐயத்துக்கு இடமான நம்பிக்கை ஒன்றைப் பார்ப்போம். 1904 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் தலைநகராகிய பெர்லினில் ஹான்ஸ் என்னும் குதிரை ஒன்று பெரும் புகழ் பெற்றிருந்தது. இளைப்பாறிய கணித ஆசிரியராகிய வொன் ஒஸ்டன் என்பவர் அதனைச் சிறு பிள்ளைக்குக் கற்பிப்பதுபோற் பொறுமையுடன் கற்பித்து வந்தார். கூட்டல் கழித்தற் கணக்குக் கேட்டால் குதிரை விடைக்குரிய எண்ணிக்கைப்படி காற்குளம்பால் நிலத்திற் தட்டும். காட்சிக்கு அவர் பணம் வாங்கியதில்லை. மிருக வைத்தியர், வட்டரங்கு முகாமையாளர் முதலியோரைக் கொண்ட ஒரு குழு பரிசோதித்து, சூழ்ச்சி எதுவும் காணப்படவில்லை என்று கூறியது. அக்குழுவில் இருந்தவருள் ஒருவர், பெர்லின் பல்கலைக்கழகத்து உளநூற் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ப் ஆவார்.

சூழ்ச்சி இல்லை என்பதோடு பேராசிரியர் அமையவில்லை. சூழ்ச்சி இல்லையாயின் வேறு என்ன உண்டு என்று ஆராயத் தம் மாணாக்கராகிய ஒஸ்கார் புங்ஸ்ட் என்பவரை நியமித்தார். புங்ஸ்ட் செய்தவை மிக எளிய காரியங்கள். வினாவுபவருக்கே விடை தெரியாதபடி வினாவை அமைத்தார். குதிரை பிழை விட்டது. கேட்பவரைக் குதிரை காணாதபடி கண்ணை மறைத்தார். அப்போதும் பிழை விட்டது. ஆகவே, குதிரை கணக்கைப் பார்க்கவில்லை, கேட்பவரைப் பார்த்தது. வினாவை முடித்தவர் குளம்பை நோக்கத் தலையைச் சற்றே குனிவார். உடனே குதிரை தட்டத் தொடங்கும். சரியான எண் வந்ததும் அவர் தலை அறியாமலே சிறிது நிமிரும், குதிரை நிறுத்திவிடும். வொன் ஒஸ்டன் இதை அறியார். அவர் யாரையும் ஏமாற்றவில்லை. தாமும் ஏமாந்தவர்களுள் ஒருவராயிருந்தார்.

இதன்பின் புங்ஸ்ட் செய்ததே எம்மைப் பெரிதும் கவர்கிறது. ஆய்வுசாலையில் தாமே குதிரையின் இடத்தில் இருந்து, 25 பேரை ஓர் எண்ணை மனத்தில் நினைக்கச் சொல்லித் தாம் தட்டினார். இருவரைத் தவிர ஏனையோர் எல்லோரும் தலையசைவால் விடையைக் காட்டிக்கொடுத்தனர். உண்மையைக் கண்டறிந்த புங்ஸ்டாலேயே தம் தலையசைவை முற்றாக அடக்க முடியவில்லை. குதிரையை நம்பியவரும் நம்பாதவரும் ஒரே இயல்பு உடையவர்களாகவே இருந்தனர். 1907 இல் அவர் எழுதிய நூல் இதனை விரித்துரைக்கிறது. வொன் ஒஸ்டனோ அம்முடிவை ஏற்கவில்லை. 1909 இல் இறக்கும்வரை தம் குதிரையின் அறிவை நம்பியே இருந்தார். அன்போடு பல ஆண்டு உழைத்தவருக்கு, அவ்வுழைப்பின் பொருள் வேறென்று கேட்பது எத்துணைத் துயரம் என்பதையும் நாம் உணரவேண்டும்.

குதிரைக் கதைதானே என்று இதனை விட்டுவிட முடியாது. 1990 களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதே கதை மனிதப் பிள்ளைகளிடத்து நிகழ்ந்தது. பேச இயலாத பிள்ளைகள் பலருக்கு, உதவியாளர் ஒருவர் கையைத் தாங்கிக் கொடுக்க, எழுத்துப் பலகையிற் சொற்களைத் தட்டும் முறை ஒன்று பரவியது. ஒரு சொல்லும் பேசாதிருந்த பிள்ளை, "அம்மா, உங்களில் எனக்கு அன்பு" என்ற கருத்துப்பட எழுதினால் பெற்றோர் உள்ளம் எப்படியிருக்கும்! ஆனால், அவ்வெழுத்து யாருடையது என்ற வினாவை உளநூலாளர் எழுப்பினர். நியூயோர்க் மாநிலத்தில் ஒரு நிலையத்தில் 12 பேரையும் அவர்களுக்கு உதவிய 9 பேரையும் கொண்டு செய்த சோதனையின் முடிவு 1993 இல் வெளிவந்தது. பிள்ளைக்கு ஒரு படமும் உதவியாளருக்கு வேறொரு படமும் காட்டப்பட்டன. ஒருவர் படத்தை மற்றவர் காணார். பிள்ளை கண்ட படத்தின் பெயர் ஒரு தடவையேனும் சரியாக எழுதப்படவில்லை. எழுதப்பட்டவை உதவியாளர் கண்ட படங்களின் பெயர்களாயிருந்தன.

உதவியாளர்களும் வொன் ஒஸ்டனைப் போல நேர்மையானவர்களே. தம் கைதான் எழுதுகிறது என்பதை அவர்கள் அறியவில்லை. ஆயினும், அவ்வாறு எழுதப்பட்ட சொற்களை நம்பிப் பெற்றோர் சிலர்மேல் கொடிய குற்றஞ் சாட்டப்பட்டது. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டனர். 1994 இல் அமெரிக்க உளவியற் சங்கம் அம்முறைக்கு விஞ்ஞானச் சான்று இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. நல்லெண்ணம் ஒன்றே போதாது என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமா?

எல்லோருக்கும் பொருந்தும் பலன்

அடுத்தது எமது வீடுகளுக்கு இன்னும் அண்மையான விடயம். 1948 இல் பேர்ட்ரம் போரர் என்னும் அமெரிக்க உளநூலாசிரியர் தம் வகுப்பு மாணாக்கர் 39 பேரிடம் ஒரு வினாத்தாளைக் கொடுத்து விடை எழுதுவித்தார். ஒரு வாரத்தின் பின் ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயர் எழுதிய தாளில் அவரவர் குணவிளக்கத்தைக் கொடுத்து, அது எத்துணைப் பொருந்துகிறது என்று 5 புள்ளிக்கு மதிப்பிடச் சொன்னார். மாணாக்கர் இட்ட புள்ளிகளின் சராசரி 4.26. பின்னர், ஒருவர் தாளில் உள்ளதை உரக்க வாசித்தபோது வகுப்பிற் பெருஞ் சிரிப்பு எழுந்தது. 39 பேருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே விளக்கம்! அதன் பெரும்பகுதியை அவர் பத்திரிகைக் கடையில் விற்கும் சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்திருந்தார்.

"வெளியே திடமானவராகத் தோன்றினும் உள்ளே கலங்குவீர்", "உம் திறமை இன்னும் முழுவதும் வெளிப்படவில்லை" என்பன போன்ற வார்த்தைகள் யாருக்குத்தான் பொருந்தா? குறிப்புப் பார்ப்பவர் முன்னே நாம் இருக்கும்போது, அவர் சொல்வதற்குப் பொருளை நாமே எம் வாழ்விலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். "பிள்ளைப் பருவத்தில் நீரால் ஒரு கண்டம்" என்றால், குளத்தில் வழுக்கியதும், கிணற்றடியில் விழுந்ததும், மழையில் நனைந்து காய்ச்சல் கண்டதும் வரிசையாக நினைவுக்கு வருகின்றன.

இது குறிப்பெழுதுவோரைப் பழிப்பதற்காகச் சொல்லப்படவில்லை. அதே ஆசை உளநூலாசிரியர் வினாத்தாளிலும் புகும் என்பதைக் காட்டவே போரர் இச்சோதனையைச் செய்தார். "எனக்குப் பொருந்துகிறது" என்று ஒருவர் மகிழ்வது, அது அவருக்கே உரியது என்பதற்குச் சான்றாகாது; அயலாருக்கும் பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். ஆனால், செவ்வாய் தோஷம் என்ற ஒரு சொல்லால் குணவதியான ஒரு பெண்ணின் கலியாணம் ஆண்டுக்கணக்கில் தடைப்படும்போது இது வகுப்பறைச் சிரிப்போடு முடியும் விடயம் அன்று. ஒரு குடும்பத்தின் கண்ணீர் அதில் அடங்கியிருக்கிறது.

எண்ணப்படாத கணக்கு

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பது எமது பழமொழி. இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வந்தால் ஒன்று மற்றதன் காரணம் என்று உள்ளம் முடிந்துவிடுகிறது. 1948 இல் ஸ்கின்னர் என்னும் பேராசிரியர் பசித்த புறாக்கள் எட்டுக்குக் குறித்த கால இடைவெளிகளில் இரை கிடைக்கச் செய்தார். புறா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் இரை வரும். அப்படியிருந்தும் ஆறு புறாக்கள் ஒவ்வொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன; ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது; இன்னொன்று தலையைக் கூட்டின் ஒரு மூலைக்கு உயர்த்தியது. இதுவே மூடநம்பிக்கையின் தோற்றம் என்றார் ஸ்கின்னர். ஆயின், 1971 இல் வேறிருவர் அச்சோதனையை மீண்டும் நுணுகிச் செய்து, அவ்வசைவுகளுட் பல இரைக்குக் காத்திருக்கும் புறாவின் பிறவிக் குணம் என்று வேறு விளக்கம் தந்தனர். மூடநம்பிக்கையைப் பற்றிய ஆராய்ச்சியும் மறுபடி ஆராயப்படவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மனிதர் எவ்வாறு ஆராய்கிறார்கள்? இலண்டனில் பீற்றர் வேசன் என்பவர் 1960 இல் வெளியிட்ட ஒரு சோதனையை எந்த வகுப்பிலும் இன்றே செய்து பார்க்கலாம். "2, 4, 6 என்ற மூன்று எண்களும் ஒரு விதிக்கு அமைந்தவை. வேறு மும்மூன்று எண்களைச் சொல்லுங்கள். அவை விதிக்கு அமைவனவா என்று நான் கூறுவேன். விதி நிச்சயமானவுடன் சொல்லுங்கள்" என்பதே சோதனை. பெரும்பாலோர் 8, 10, 12 என்றும், 20, 22, 24 என்றும் கேட்டு, "ஆம்" என்ற விடை பெற்று, "இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்" என்று உறுதியாகக் கூறினர். விதி அதுவன்று, வரவரப் பெரிதாகும் எந்த மூன்று எண்களும் அமையும் என்பதே விதி. 29 பேரில் 6 பேரே முதல் முறையிற் சரியாகக் கூறினர். தம் எண்ணம் சரியாயின் "இல்லை" என்ற விடை வரத்தக்க ஒரு கேள்வியைக் கேட்க மற்றவர்க்குத் தோன்றவில்லை. 1, 2, 3 என்று ஒருமுறை கேட்டிருந்தாலே போதும்.

இக்குற்றம் உயிருக்கு உலைவைக்கும் இடம் ஒன்று எமது நாட்டில் உண்டு. அது பாம்புக்கடி. விடகடிக்குப் பார்வை பார்க்கும் பரியாரியார் ஒருவரைப் பற்றி, "அவரிடம் போனவர்கள் அத்தனை பேரும் பிழைத்தார்கள்" என்று சொல்லக் கேட்டிருப்போம். சொன்னவர் பொய் சொல்லவில்லை. 2012–2013 இல் இலங்கை முழுவதும் வீடுவீடாகச் சென்று நடத்திய ஓர் ஆய்வின்படி, ஓராண்டில் ஏறக்குறைய 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாயினர். அவர்களுள் ஏறக்குறைய 30,000 பேருக்கே நஞ்சு ஏறியது. 400 பேருக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதாவது, கடியுண்ட 8 பேரில் 5 பேருக்கு நஞ்சே ஏறவில்லை. கடித்தது நஞ்சற்ற பாம்பாக இருக்கலாம். நச்சுப் பாம்பே கடித்தும் நஞ்சைச் செலுத்தாது விட்டிருக்கலாம். அவ்வைந்து பேருக்கும் மந்திரித்தாலும் சுகம், நூல் கட்டினாலும் சுகம், சும்மா இருந்தாலும் சுகமே. அவர்கள் ஊரெல்லாம் சென்று புகழ் பேசுவார்கள். நஞ்சேறியும் வைத்தியசாலைக்குப் பிந்திப் போன எட்டாமவன் வந்து பேசமாட்டான். அவன் வீட்டில் உள்ளோர், "விதி" என்று சொல்லி அமைவர்.

ஆகவே, "எத்தனை பேர் பிழைத்தார்கள்?" என்று மாத்திரம் கேட்பது 8, 10, 12 என்று கேட்பது போலாகும். "நஞ்சு ஏறியவர் எத்தனை பேர்? அவருட் பிழைத்தவர் எத்தனை பேர்? பார்வை பார்க்காமலே பிழைத்தவர் எத்தனை பேர்?" என்பனவே 1, 2, 3 என்ற கேள்வி. மாற்று மருந்து ஏற்றத்தக்க வைத்தியசாலைக்குத் தாமதமின்றிக் கொண்டுசெல்வதே கடியுண்டவர்க்கு நாம் செய்யும் முதற் கடமை. திருநீறு இட்டுப் பிரார்த்திக்க விரும்புவோர் வண்டியிற் போகும்போதே பிரார்த்திக்கலாம். அதற்காக நேரத்தை இழக்க வேண்டியதில்லை.

தம்மையே சோதித்தவர்கள்

பிறர் நம்பிக்கைகளைச் சோதித்த உளநூலாசிரியர்கள் தம்மைச் சோதித்தார்களா என்று வாலிபர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2011 இல் டரில் பெம் என்னும் மூத்த பேராசிரியர் ஒன்பது சோதனைகளைச் செய்து, வரப்போவதை மனிதர் முன்னரே உணர்வதற்குச் சான்று உண்டென்று புகழ்பெற்ற ஆய்வுச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். மற்றவர்கள் அதே முறையில் திரும்பச் செய்து பார்த்தபோது அச்சான்று கிடைக்கவில்லை. அப்போது பலர், "பெம் கையாண்ட முறைகள் நாம் எல்லோரும் கையாளும் முறைகளே. அவை அவரை இங்கே கொண்டுவந்து விட்டனவாயின், எம்முடைய ஏனைய முடிவுகளின் கதி என்ன?" என்று தம்மைத்தாமே வினவினர்.

அவ்வினாவின் பயனாகப் பல நாட்டு ஆய்வாளர் 270 பேர் சேர்ந்து, உளநூற் சஞ்சிகைகளில் வெளிவந்த 100 ஆராய்ச்சிகளை மீண்டும் செய்து, 2015 இல் முடிவை வெளியிட்டனர். முதலிற் செய்தபோது 100 க்கு 97 உறுதியான முடிவைத் தந்தவை. மீண்டும் செய்தபோது 100 க்கு 36 மாத்திரமே அவ்வாறு நின்றன. தம் துறைக்கு இழுக்கு வருமென்று அஞ்சி இதனை அவர்கள் மறைக்கவில்லை. முடிவை எல்லோரும் காண அச்சிட்டனர். இன்று ஆய்வாளர் பலர், தாம் எதிர்பார்ப்பது என்ன என்பதைச் சோதனைக்கு முன்னரே எழுதிப் பதிவு செய்துவிடுகின்றனர். விளைவைக் கண்டபின் கதையை மாற்றிக்கொள்ள உள்ளம் முந்தும் என்பதை அறிந்தே இக்கட்டுப்பாட்டை மேற்கொண்டனர்.

இவையெல்லாம் மேனாட்டார் புதிதாகக் கண்ட வழி என்று பெரியோர் எண்ண வேண்டியதில்லை. சைவ சித்தாந்தம் கற்றோர் அளவை என்ற பகுதியை அறிவர். காட்சி, கருதல், உரை என அறிவு வரும் வாயில்களை வகுத்த முன்னோர், காட்சியிலும் ஐயக் காட்சி, திரிவுக் காட்சி என்பன உண்டென்று எச்சரித்தனர். தூரத்தே நிற்பது குற்றியோ மகனோ என மயங்குவது ஐயம். கயிற்றைப் பாம்பென்று துணிவது திரிபு. கண்ணாற் கண்டேன் என்பவன் சொல்லையும் உடனே முடிபாகக் கொள்ளாமை எமது மரபிலும் உள்ள ஒழுக்கமே. பேராசிரியர் ஸ்டும்ப் குதிரையைக் கண்ணாற் கண்ட பின்னும் ஆராயச் சொன்னதும் இவ்வொழுக்கமே.

வாலிபருக்கும் பெரியோருக்கும்

வாலிபர்களே, நீங்கள் ஒரு கொப்பி வாங்குங்கள். பூனை குறுக்கே போன நாளையும் போகாத நாளையும் எழுதுங்கள். காரியம் பலித்ததையும் பலிக்காததையும் எழுதுங்கள். முடிவு தெரியுமுன் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள். அதன்பின் பேசுங்கள். எண்ணாமல் நம்புவது எத்தகைய குற்றமோ, எண்ணாமல் மறுப்பதும் அத்தகையதே. உங்கள் கையிலுள்ள தொலைபேசியில் வந்து குவியும் செய்திகளையும் இக்கண் கொண்டே பாருங்கள். பத்தாயிரம் பேர் அனுப்பினார்கள் என்பது, அண்ணாந்து பார்த்த 15 பேரின் கதையன்றி வேறில்லை. மூளையில் நூற்றில் பத்துப் பங்கையே மனிதர் பயன்படுத்துகிறார்கள் என்று படித்தவர்களும் இன்றுவரை சொல்லித் திரிகிறார்கள். அது பிழையென்று உளநூலாசிரியர்கள் ஆண்டுதோறும் வகுப்பிற் சொல்லவேண்டியிருக்கிறது. மூடநம்பிக்கை பாட்டியாருக்கு மாத்திரம் உரியது அன்று.

பெரியோர்களே, பிள்ளை "ஏன்?" என்று கேட்டால் அதனை மரியாதைக் குறைவென்று கொள்ளாதீர்கள். கேட்கும் பிள்ளை உங்களோடு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. விடை தெரியாதாயின், "வா தம்பி, இருவரும் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அச்சொல்லால் உங்கள் மதிப்பு உயருமேயன்றித் தாழாது. எமது வழக்கங்களுள் மெய்யானவை ஆராய்ச்சியால் இன்னும் ஒளிபெறும். உயிருக்கும் பெண்பிள்ளைகளின் வாழ்வுக்கும் இடையூறானவை விலகிப்போகட்டும். அதனால் எமது சமயத்துக்கு ஒரு குறைவும் வராது.

புங்ஸ்ட் தாமே குதிரையின் இடத்தில் இருந்து பார்த்தாரன்றோ? பிறருடைய நம்பிக்கையை ஆராயப் புகும் எவரும் முதலில் அவர் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும். அங்கிருந்து பார்க்கும்போது, "இவர் ஏன் இதை நம்புகிறார்?" என்ற கேள்வி, "நாம் ஏன் நம்புகிறோம்?" என்று மாறிவிடும். அப்படி மாறிய கேள்விக்கே விடை கிடைக்கும்.